ஒலியை வாங்குவதா? ஒலியை அறிவதா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

‘கீபோர்டு’ என்னும் ஒரே சொல்லால் நாம் இன்று நான்கு வெவ்வேறு பொருள்களை அழைத்துக்கொண்டிருக்கிறோம். கோயில் திருவிழா மேடையிலே இன்னிசைக் குழுவினர் வாசிப்பதும் கீபோர்டு. தேவாலயத்திலே பாடகர் குழுவுக்குத் துணை நிற்பதும் கீபோர்டு. திரையிசையமைப்பாளரின் அறையிலே கணினிக்கு முன்னால் கிடப்பதும் கீபோர்டு. கடைக்காரரும் அப்படியேதான் அழைக்கிறார். பெயர் ஒன்றாக இருப்பதனால் பொருளும் ஒன்றுதான் என்று எண்ணி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு ‘நான் தேடியது இதுவல்லவே’ என்று விழிக்கும் இளைஞர்கள் உண்டு. இசையார்வம் கொண்ட நம் கல்லூரி நண்பர்களில் ஒருவர்கூட அந்த நிலைக்கு ஆளாகக் கூடாது என்ற எண்ணமே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிந்தசைசர் பயில விரும்புகிறவரின் முதற் கருவி, ஆயத்த ஒலிகளை அள்ளி அள்ளித் தருவதாக இருக்கத் தேவையில்லை. ஒலி எவ்வாறு பிறக்கிறது என்பதைத் திறந்து காட்டுவதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கருவி மென்பொருள் வடிவிலே இன்று ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கிறது. ஆகவே ஓராண்டு அதிலே பயில்வோம். நமக்குத் தேவை இன்னதென்று தெளிந்த பிறகு கடைக்குப் போவோம். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால் பணம் மட்டும் வீணாவதில்லை; ஆர்வமும் பாழாகிறது.

ஒரு பெயர், நான்கு பொருள்கள்

முதல் வகை டிஜிட்டல் பியானோ. பெரும்பாலும் 88 கட்டைகள் இருக்கும். அழுத்தினால் விரலுக்குக் கனம் தெரியும். பியானோ பயில்வோர்க்கு அது உகந்தது. இரண்டாம் வகை அரேஞ்சர் கீபோர்டு. நூற்றுக்கணக்கான வாத்திய ஒலிகளும், ஒரு பித்தானை அழுத்தினால் தாமாகவே முழங்கும் தாளங்களும் அதனுள்ளே அடைக்கப்பட்டிருக்கும். தபேலா, சிதார் ஒலிகளையும் நம் நாட்டுத் தாளங்களையும் சேர்த்து யமஹா, காசியோ நிறுவனங்கள் இந்தியாவுக்கென்றே தனி மாதிரிகளை விற்றிருக்கின்றன. மேடைக் கச்சேரிக்கு அதைவிட வசதியான பொருள் இல்லை. நம் ஊரிலே கீபோர்டு என்றால் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாம் வகையே சிந்தசைசர். இதிலே ஆயத்த ஒலிகள் இருக்கலாம். ஆனால் அவை இதன் உயிர் அல்ல. ஒலியை அடியிலிருந்து கட்டுவதற்கான திருகுகளே இதன் உயிர். நான்காம் வகை மிடி கன்ட்ரோலர். பார்ப்பதற்குச் சின்னஞ்சிறு கீபோர்டு போலவே இருக்கும். ஆனால் தனக்கென்று குரல் இல்லாதது. ‘இந்தக் கட்டை இவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது’ என்ற செய்தியை மட்டும் கணினிக்கு அனுப்பும். ஒலியை எழுப்புவது கணினியிலுள்ள மென்பொருளின் வேலை. இதை வாங்கிவந்து மின்சாரம் கொடுத்துவிட்டு ‘சத்தமே வரவில்லையே’ என்று கவலைப்படுவது வீண்!

‘மிடி’ என்பது இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி. அது பிறந்த கதை மாணவர்களாகிய நாம் அறியத் தக்கது. அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தை நடத்திய டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இகுதாரோ காகேஹாஷி ஆகிய இருவரும் வியாபாரத்தில் போட்டியாளர்கள். ஆயினும் 1983 ஜனவரியில் ஒரு கண்காட்சியிலே இருவரின் கருவிகளும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றின் கட்டையை அழுத்த மற்றொன்று பாடியது. அந்த மொழியைப் பயன்படுத்த எவரும் அவர்களுக்கு உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் கன்ட்ரோலர் எந்த நிறுவனத்தின் மென்பொருளோடும் பேசுகிறதென்றால், அன்றைய அந்தப் பெருந்தன்மையே காரணம்.

நம் ஆய்வகத்துக்கு வெகு அருகிலே

சிந்தசைசர் என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ மாயப் பெட்டி என்று மிரள வேண்டியதில்லை. அதன் பாதிப் பாடத்தை நாம் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கிறோம். சோனோமீட்டர் என்னும் சுரமானிக் கம்பியை மீட்டியவர்களுக்கு அடிப்படை அதிர்வெண்ணும் அதன் மடங்குகளாக எழும் மேற்சுரங்களும் புதியவை அல்ல. எந்தச் சீரான அலையையும் எளிய சைன் அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற கருத்தை வெப்பத்தைப் பற்றிய தமது நூலிலே 1822இல் வெளியிட்டார் ஃபூரியே. அந்தக் கணக்கைக் காதால் கேட்க வைக்கும் கருவிதான் சிந்தசைசர்.

அதிலே முதலில் வருவது ஆசிலேட்டர் என்னும் அலையியற்றி. 440 அதிர்வெண்ணில் ரம்பப் பல் போன்ற அலையை எழுப்பினால் அதனுள் 880, 1320, 1760 என்று எல்லா மடங்குகளும் அடங்கியிருக்கும். ஒலி கூர்மையாகக் கேட்கும். அதே அதிர்வெண்ணில் சதுர அலையை எழுப்பினால் 1320, 2200 என்று ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருக்கும்; ஒலி உள்ளீடற்ற மூங்கிலைப்போல் கேட்கும். ஒரு முனை மூடிய காற்றுக் குழாயில் ஒற்றைப்படை மேற்சுரங்களே எழும் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோமே, கிளாரினெட்டின் தாழ்ந்த சுரங்கள் சதுர அலையைப்போல் ஒலிப்பதற்கும் அதுதான் காரணம்!

அடுத்தது ஃபில்டர் என்னும் வடிப்பான். வேண்டாத உயர் அதிர்வெண்களை அது வடித்துவிடுகிறது. மூன்றாவது என்வலப், ஒலி எவ்வளவு விரைவாக எழுகிறது, எங்கே நிலைக்கிறது, எவ்வாறு அடங்குகிறது என்பதை வகுப்பது. வீணையை மீட்டியவுடன் ஒலி சட்டென்று எழுந்து மெல்லத் தேய்கிறது. நாகசுரமோ மூச்சு உள்ளவரையில் நிலைத்து நிற்கிறது. இந்த வேறுபாட்டை நான்கு திருகுகளால் வரைந்து காட்டுவதே என்வலப்பின் வேலை. அலை, வடிப்பு, உருவம் என்ற இந்த மூன்றையும் புரிந்துகொண்டவர் 1970இல் விற்பனைக்கு வந்த மினிமூக் முதல் இன்றைய கருவி வரை பெரும்பாலானவற்றின் முன்னே தயக்கமின்றி உட்காரலாம். இராபர்ட் மூக் அறுபதுகளில் உருவாக்கிய கருவிகளிலும் அடிப்படை இதுவே.

நம் நாட்டிலேயே நடந்தவை

இதெல்லாம் மேல்நாட்டாரின் விளையாட்டு என்று ஒதுக்குவோரும் உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகள்.

1969இல், அதாவது மினிமூக் கடைக்கு வருமுன்பே, ஆமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்திலே ஒரு மூக் சிந்தசைசர் நிறுவப்பட்டது. அமெரிக்க இசையறிஞர் டேவிட் டியூடர் அதை நிறுவ வந்தார். கீதா சாராபாய் முதலிய நம் நாட்டவர் அதிலே சோதனைகள் செய்தனர். அந்த ஒலிநாடாக்கள் பல்லாண்டுக் காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

இரண்டாவது செய்தி இன்னும் சுவையானது. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982இல் பத்து இராகங்களை மின்னணுத் தாளத்தோடு இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர் கையாண்டவை ரோலண்ட் நிறுவனத்தின் ஜுபிட்டர்-8, டிஆர்-808, டிபி-303 ஆகிய மூன்று கருவிகளே. தட்டு விலைபோகவில்லை. 2010இல் அது மறுபடி வெளியானபோது உலகமே வியந்தது. ஏனென்றால், 1987இல் அமெரிக்காவின் சிகாகோ நகர இளைஞர்கள் அதே டிபி-303ஐக் கொண்டு ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற புதிய இசைவகையைத் தொடங்கினார்கள் என்றுதான் அதுவரை வரலாறு சொல்லிவந்தது.

அந்த டிபி-303 எப்படிப்பட்ட கருவி தெரியுமா? கிதார் வாசிப்பவர்க்குத் துணையாக பேஸ் கிதார்போல் ஒலிக்க வேண்டும் என்று 1981இல் ஆக்கப்பட்டது. பேஸ் கிதார்போல் அது ஒலிக்கவே இல்லை. விற்பனை படுத்து, சில ஆண்டுகளில் உற்பத்தியே நின்றது. பழைய சாமான் விலைக்குக் கிடைத்ததனால்தான் பணமில்லாத இளைஞர்களின் கைக்கு அது வந்து சேர்ந்தது. அவர்கள் அதன் வடிப்பான் திருகை, ஒலிக்கும்போதே மெல்லத் திருகிப் பார்த்தார்கள். அதுவரை யாரும் கேட்டிராத ஒலி பிறந்தது! பம்பாய்க் கலைஞரோ, ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அதன் வசதியை இராகங்களுக்குப் பயன்படுத்தினார். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. கோணல் கூடத்திலும் ஆடிக் காட்டியவர்கள் இவர்கள். கருவியின் விலை அவர்களை உயர்த்தவில்லை. திறந்திருந்த திருகுகளை அவர்கள் திருகிப் பார்த்ததே உயர்த்தியது.

கடைப் பொடியும் அம்மியும்

கடையில் விற்கும் மசாலாப் பொடியைப் போட்டால் குழம்பு ருசிக்கத்தான் செய்யும். ஆனால் அது எல்லோர் வீட்டுக் குழம்பின் ருசி. மல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று கூட்டிக் குறைத்து அம்மியில் அரைத்தவருக்கே தம் வீட்டு ருசி என்று ஒன்று அமையும். கருவியிலுள்ள ஆயத்த ஒலிகளும் கடைப் பொடியைப் போன்றவையே.

இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 பெரும் புகழ் பெற்ற கருவி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவுனிங் 1967இல் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்ற முறையே அதன் அடிப்படை. ஆனால் அதிலே திருகுகள் இல்லை. சிறு எழுத்துத் திரையில் ஒவ்வோர் எண்ணாகத் தேடி மாற்ற வேண்டும். அதனால் வாங்கியவர்களில் மிகப் பலர் அதில் வந்த ஆயத்த ஒலிகளோடே நின்றுவிட்டார்கள். எண்பதுகளில் எத்தனையோ நாடுகளின் பாடல்களிலே ஒரே மின் பியானோ ஒலி திரும்பத் திரும்பக் கேட்டது இதனால்தான். ஆற்றல் மிக்க கருவிதான்; ஆனால் கதவைச் சாத்திக்கொண்ட கருவி. முதற் கருவியைத் தேர்வோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி ‘எத்தனை ஒலிகள் இருக்கின்றன’ என்பதன்று. ‘எத்தனை திருகுகள் என் கைக்கு எட்டுகின்றன’ என்பதே.

கேட்டறிய ஆளில்லாதவர்கள்

இங்கே என்னைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்திலே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்களைப் போன்ற மாணவர்கள் இக்கல்லூரியில் ஏராளம். இசைக் குடும்பத்தில் பிறந்தவருக்கு எதை வாங்கலாம் என்று சொல்ல ஒரு சித்தப்பாவாவது இருப்பார். எங்களுக்குக் கடைக்காரர் சொல்வதே வேதவாக்கு. வாங்கியது சரியில்லை என்றால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதியும் எங்களுக்கில்லை. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று வகுத்தன. பல வீடுகளில் அது பேருந்துச் செலவாகவும் புத்தகமாகவும் மாறும் தொகை. அதில் மிச்சம் பிடித்துச் சேர்த்து ஒரு சிந்தசைசர் வாங்க எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தவணை முறையில் கொடுக்கிறோம் என்று ஆசை காட்டுவோர் உண்டு. தவணை, கருவி பிடிக்காமல் போனாலும் நிற்பதில்லை!

ஆகவேதான் பணத்துக்கு முன்னால் அறிவைச் சேர்ப்போம் என்கிறேன்.

எந்த மென்பொருள்?

இசை மென்பொருளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒலிகளை வரிசைப்படுத்திப் பாட்டாகக் கோக்கும் மேடை. மற்றொன்று, ஒலியை ஆக்கும் கருவி.

முதலில் கருவி. சர்ஜ் எக்ஸ்டி என்பது 2018இல் மூலநிரலோடு பொதுவாக்கப்பட்ட சர்ஜ் என்னும் சிந்தசைசரின் வளர்ந்த வடிவம், முற்றிலும் இலவசம். வைட்டல் என்பது 2020இல் வந்தது. அதன் அடிப்படைப் பதிப்பு இலவசம். திருகைத் திருகும்போதே அலை உருமாறுவதைத் திரையிலே காட்டும். கற்பவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் வலுக்குறைந்த கணினிக்கு அது சற்றுப் பளுவானது. விசிவி ராக் என்பது 2017இல் வெளிவந்தது. பழைய மூக் கருவியைப்போல ஒவ்வோர் உறுப்பையும் கம்பியால் நாமே இணைக்க வேண்டும். இம்மூன்றும் வேறு துணையின்றித் தனித்தே இயங்கும். டிஎக்ஸ்7இன் ஒலியைக் கேட்க விரும்பினால் டெக்செட் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது.

அடுத்தது மேடை. மிகப் பழைய கணினி உள்ளவர்கள் எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். அதனுள்ளேயே மூன்று அலையியற்றிகள் கொண்ட ஓர் எளிய சிந்தசைசர் உண்டு. முதல் மூன்று மாதத்துக்கு அது ஒன்றே போதும் என்பேன். குரலைப் பதிவுசெய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் துணை நிற்கும். ரீப்பர் என்பது விலைக்குரியது. 60 நாள் முழுமையாகப் பழகிப் பார்க்க விடுகிறார்கள். தனியாள் உரிமம் 60 டாலர். எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் பாட்டைச் சேமிக்கலாம். ஆனால் விலை கொடுக்கும்வரை சேமித்ததைத் திரும்பத் திறக்க இயலாது. இதை அறியாமல் ஒரு வாரம் உழைப்பவர் மனம் நோவார். ஆப்பிள் கணினியோ கைப்பேசியோ உள்ளவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசமாகக் கிடைக்கிறது.

இவற்றில் எது சிறந்தது என்று நாள்கணக்கில் விவாதிப்பது வீண் வேலை. ஒன்றை எடுத்து ஓராண்டு அதிலேயே நிற்பதுதான் சிறந்தது. ஏபிள்டன் நிறுவனம் சிந்தசைசர் பாடங்களை இணையத்திலே இலவசமாக வைத்திருக்கிறது. கைப்பேசியிலேயே செய்து பார்க்கலாம். அங்கே தொடங்கலாம்.

கணினி இல்லையே என்பீர்கள். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினி எத்தனையோ வீடுகளில் அலமாரியில் உறங்குகிறது. அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்டுப் பாருங்கள். பெரும் மென்பொருள்கள் அதில் தள்ளாடும், எளியவை ஓடும்.

ஒரு சிறு எச்சரிக்கை. கட்டையை அழுத்திய பிறகு ஒலி சற்றுத் தாமதமாக வருகிறது என்று பலர் கணினி இசையையே கைவிடுகிறார்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் கணினி, 1,024 மாதிரிகளைச் சேர்த்து அனுப்பினால் அதனால் மட்டும் 23 மில்லி நொடி தாமதம். 256 ஆகக் குறைத்தால் 6 மில்லி நொடிக்கும் குறைவு. இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம் காதை எட்டவே அந்த நேரம் ஆகும்! விண்டோஸ் கணினியில் ஏசியோ4ஆல் என்ற இலவச இயக்கியைப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். கம்பியில்லா ஹெட்போன் தன் பங்குக்கு இன்னும் தாமதத்தைச் சேர்க்கும். கம்பியுள்ளதே நமக்கு நல்லது.

கமகம் என்னும் சோதனை

நம் இசையை நேசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கீபோர்டின் 12 கட்டைகளும் சம இடைவெளியில் வெட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் 1.0595 மடங்கு. இயற்கையான அந்தர காந்தாரம் சட்ஜத்தைப்போல் 5/4 மடங்கு. கீபோர்டின் காந்தாரம் அதைவிடச் சற்றே மேலே நிற்கிறது. பழகிய செவிக்கு அது உறுத்தும். மேலும் தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமா? அது அசைந்தால்தானே தோடி! கட்டைக்கும் கட்டைக்கும் இடையிலே போக முடியாத கருவியில் கமகம் ஏது?

சிந்தசைசரில் இதற்கு வழி இருக்கிறது. சுரத்தை வளைக்கும் சக்கரம் ஒன்று. மிடி மொழி அதற்கு 16,384 படிகளை ஒதுக்கியிருக்கிறது. வழுக்கல் வசதி மற்றொன்று. சர்ஜ் எக்ஸ்டி போன்ற மென்பொருளில் சுரங்களின் இடத்தையே நாம் விரும்பியபடி மாற்றி வைக்கலாம். ஆகவே மலிவு என்று எதையாவது வாங்கிவிடாமல், சுரம் வளைக்கும் சக்கரமோ தொடுபட்டையோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நமக்கு மிக இன்றியமையாதது.

எதிர்வாதங்கள்

“மென்பொருள் வெறும் பொம்மை, கையால் திருகினால்தான் கை கற்கும்” என்பர் சிலர். அதில் உண்மை இருக்கிறது. சுட்டியால் திருகைப் பிடித்து இழுப்பதும் விரலால் திருகுவதும் ஒன்றாகா. ஆனால் எந்தத் திருகு எதற்கென்று அறியாத விரல் எதைக் கற்கும்? ஓராண்டுக்குப் பிறகு கருவி வாங்கச் சொல்வதும் அதனால்தான்.

“விலையுயர்ந்த மென்பொருளே பூட்டுடைத்துக் கிடைக்கிறதே” என்பர் வேறு சிலர். பூட்டுடைத்த கோப்போடு என்னென்ன நச்சு நிரல்கள் வீட்டுக்குள் நுழையும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். திருடித்தான் கற்க வேண்டும் என்ற நிலை இன்று இல்லை. தம் உழைப்பைத் தாமே மனமுவந்து பொதுவில் வைத்தவர்கள் இருக்கும்போது, வைக்காதவருடையதை ஏன் எடுக்க வேண்டும்? நாளை நம் பாட்டை ஒருவர் அப்படி எடுத்தால் நாம் பொறுப்போமா?

“2023இல் சூனோ, 2024இல் யூடியோ என்று செயற்கை அறிவு மென்பொருள்கள் வந்துவிட்டன. இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டையும் ஆக்கித் தருகின்றன. இனிமேல் இதையெல்லாம் கற்பானேன்?” என்பது புதிய கேள்வி. ஓட்டலில் இட்டலி கிடைப்பதனால் யாரும் சமையலை மறந்துவிடச் சொல்வதில்லை. கேட்டுப் பெற்ற பாட்டு நன்றாகவே இருக்கலாம். அதிலே ஒரு சுரம் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டால் பெற்றவருக்குச் சொல்லத் தெரியாது. நான் விரும்புவது சொல்லத் தெரிந்தவர்களின் கூட்டத்தில் சேர்வதை.

வாங்கும் நாள் வரும்போது

முதலில் 25 கட்டைகள் உள்ள மிடி கன்ட்ரோலர் போதும். அழுத்தும் வேகத்தை உணரும் கட்டைகள், சுரம் வளைக்கும் வசதி, நான்கைந்து திருகுகள், தனி இயக்கி தேவைப்படாத யுஎஸ்பி இணைப்பு ஆகிய இவற்றைப் பாருங்கள். ஓராண்டு கடந்து சிந்தசைசரே வாங்கும் நிலை வந்தால், ஒரு திருகுக்கு ஒரு வேலை என்று அமைந்ததைத் தேடுங்கள். 2013இல் வந்த கோர்க் வோல்கா வரிசை சிறியது. 2016இல் வந்த கோர்க் மினிலாக் ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள் ஒலிப்பது. 2019இல் வந்த ஆர்டூரியா மைக்ரோஃப்ரீக் பலவகை அலைகளைக் கற்பிப்பது. இவை போன்றவை பயில்வோர்க்கு ஏற்றவை. பழைய கருவியானால் ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி, ஒவ்வொரு திருகையும் திருகி, கரகரப்பு இருக்கிறதா என்று காதால் சோதித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் வாங்காமல் திரும்பிவிடுவதே மேல்.

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

நிறைவாக, நம் கல்லூரிப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் கணினி ஆய்வகத்தின் கணினிகளில் மேலே சொன்ன இலவச மென்பொருள்களை ஏற்றிவைக்கலாம். நுண்கலை மன்றத்தின் சார்பிலே ஒரே ஒரு மிடி கன்ட்ரோலர் வாங்கி, பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப் பயிலும்படி வைக்கலாம். நூலகத்துக்கு ஒரு நல்ல அகராதி வாங்கும் செலவுக்குச் சற்றுக் கூடுதலாகுமே தவிர, அதனால் பயன் பெறுவோர் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருப்பார்கள். இயற்பியல் மாணவருக்கு அது ஒலியியல் சோதனை. இசை மாணவருக்குப் பயிற்சி. கணினி மாணவருக்கு மூலநிரலைத் திறந்து படிக்க ஒரு வாய்ப்பு.

நண்பர்களே, இசைக்கருவி என்பது நெடுங்காலம் வசதியுள்ள வீட்டு வரவேற்பறையிலே இருந்தது. இன்று அதன் உட்புறம் எல்லோர்க்கும் திறந்து கிடக்கிறது. வாங்க வசதியில்லை என்று வருந்திக்கொண்டே நிற்பவர்கள், திறந்து கிடப்பதை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. இன்று மாலையே ஒரு ரம்பப் பல் அலையை எழுப்பி, வடிப்பானை மெல்ல மூடிப் பாருங்கள். ஒவ்வொரு மேற்சுரமாக மறைவது காதில் கேட்கும். பாடநூலில் கோடாகக் கண்டதைக் காதால் கேட்ட அந்த மாலையிலிருந்து, கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தாமே பிறக்கும்.